மேல் தளத்திலிருந்து ஓர் அழைப்பு

சொகுசுக் கப்பலில் பெரிய அறை தருகிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் சின்ன அறை.

கப்பல் புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. புதுப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அந்தச் சமயத்தில் கப்பல் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. நீங்கள் பதிவு செய்திருப்பது ஜன்னல் இல்லாத உள்ளறை. கடலைப் பார்த்த பால்கனி அறைக்கு மாற உங்களுக்கு ஒரு வாய்ப்பு, அதற்கு எவ்வளவு தர விருப்பம் என்பதை நீங்களே சொல்லலாம் என்கிறது கடிதம். கூடவே ஒரு படம். பால்கனியில் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு சின்ன மேஜை, அப்பால் எல்லாம் நீலம்.

ஆயிரம் பேரில் நம்மைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கல்யாண வீட்டுப் பந்தியில் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தால் வருகிற சந்தோஷம் அது. இங்கே கையைப் பிடிப்பது ஒரு கம்ப்யூட்டர். அதற்கு உங்களைத் தெரியாது. உங்கள் அறையின் விலை தெரியும், இன்னும் எத்தனை நாளில் கப்பல் கிளம்பும் என்பது தெரியும், எந்தத் தளத்தில் எத்தனை அறைகள் விற்காமல் கிடக்கின்றன என்பது தெரியும்.

சொகுசுக் கப்பல் பயணம் இன்று நம்மவர்களுக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறார்கள். மும்பையிலிருந்து 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' புறப்பட்டது. வங்கி ஊழியரும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு தடவை போய்வரலாம் என்று கணக்குப் போடுகிற காலம். அப்படி ஒரே ஒரு தடவை போகிறவர்களைத்தான் இந்த அழைப்பு அதிகம் சபலப்படுத்தும். எனவே இதன் உள்விவகாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கரையை விட்டுக் கப்பல் நகர்ந்துவிட்டால் காலி அறைக்கு மதிப்பு பூஜ்யம். மறுநாள் விற்க முடியாது. பறந்துபோன விமானத்தின் காலி இருக்கையும் அப்படித்தான். இதற்குக் கணக்கு எழுதியவர்கள் முதலில் விமானக்காரர்கள். பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972-ல் ஒரு விதியைச் சொன்னார். மலிவு டிக்கெட் கேட்டு இன்று ஒருவர் வருகிறார். முழு விலை கொடுப்பவர் நாளை வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப இன்றைய ஆளுக்கு விற்பதா, இருக்கையை நிறுத்தி வைப்பதா என்று முடிவு செய்யவேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்றவை 1980-களில் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிய கலையாக்கின. ஓட்டல்கள் கற்றுக்கொண்டன. கப்பல்களும் கற்றுக்கொண்டன.

கப்பலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தில் ஏறியவர் மிஞ்சிப்போனால் ஒரு சாண்ட்விச் வாங்குவார். கப்பலில் ஏறியவர் மது அருந்துவார், சூதாடுவார், மசாஜ் செய்துகொள்வார், கரையோரச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவார், போட்டோ வாங்குவார். உலகின் மிகப்பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனமான கார்னிவல் 2023-ல் ஈட்டிய வருமானம் சுமார் 2,159 கோடி டாலர். அதில் பயணக் கட்டணம் போக, கப்பலுக்குள் நடந்த செலவு முதலிய இனங்களில் வந்தது சுமார் 752 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே காலி அறை என்பது இரட்டை நஷ்டம். கட்டணமும் போயிற்று, செலவழிக்கும் கையும் போயிற்று.

இதனால்தான் கப்பல்கள் நிரம்பி வழிகின்றன. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கு வைத்து இந்தத் தொழிலில் சதவீதம் போடுவார்கள். குழந்தைகள் மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேரும்போது அது நூறைத் தாண்டும். 2024-ல் ராயல் கரீபியன் குழுமத்தின் கப்பல்கள் 108 சதவீதத்துக்கு மேல் நிரம்பி ஓடின.

இனி அறைக்கு வருவோம். கடைசி நேரத்தில் எளிதில் விலைபோவது மலிவான அறைதான். கடைசி வாரத்தில் விசாரிப்பவர் கேட்பதும் குறைந்த விலை என்ன என்றுதான். ஒரு பேச்சுக்கு, உள்ளறைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, பால்கனி அறைகள் நாற்பது கிடக்கின்றன என்று வையுங்கள். பால்கனியின் விலையை ஊரறியக் குறைத்தால் முன்பே முழு விலை கொடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். உள்ளறையில் இருக்கும் நாற்பது குடும்பங்களை ஆளுக்குக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு மேலே அனுப்பினால், நாற்பது உள்ளறைகள் காலியாகும். அவற்றை வாசலில் நிற்பவர்களுக்கு விற்கலாம். ஒரு காலி அறையை வைத்து இரண்டு இடத்தில் வசூல். விலைப் பட்டியலும் மானத்தோடு இருக்கும்.

இந்த விளையாட்டுக்குப் படிகள் நிறைய வேண்டும். 1990-ல் கட்டப்பட்ட 'எம்ப்ரஸ்' கப்பலில் பால்கனி உள்ள அறைகள் சிறுபான்மை. 1984-ல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் எல்லா அறைகளும் வெளிப்பக்கம் பார்த்தவை என்பதே அன்று உலக அதிசயம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 28 வகை அறைகள். ஜன்னல் இல்லாதது, கடல் பார்த்தது, கப்பலுக்குள்ளேயே இருக்கும் பூங்காவைப் பார்த்தது, பால்கனி உள்ளது, சூட், அதற்கு மேல் சூட். ஒவ்வொரு படிக்கும் அடுத்த படி கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. தெரிய வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டுகிறார்கள்.

மேலே போக வழிகள் மூன்று. முதலாவது, 'கியாரண்டி' அறை. எந்த எண் அறை என்று சொல்லாமல், இந்த வகைக்குக் குறையாமல் தருகிறோம் என்ற உறுதியோடு சற்று மலிவாக விற்பார்கள். எங்கே காலியோ அங்கே உங்களைப் போடும் உரிமை அவர்களுக்கு. இலவசமாக உயர்வு கிடைத்தது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைத்திருக்கும். உள்ளறைக்குக் கட்டியவர் ஜன்னல் அறைக்குப் போவார். ஆனால் கியாரண்டி என்பது வகைக்குத்தான், இடத்துக்கு அல்ல. நடன அரங்கத்துக்கு நேர் மேலே விழலாம். நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் விடியற்காலையில் தலையணைக்குப் பக்கத்தில் கேட்கும் முன்முனையில் விழலாம்.

இரண்டாவது, தொலைபேசி. கடைசித் தவணை கட்டும் கெடு பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் வரும். மனம் மாறியவர்கள் அப்போது ரத்து செய்வார்கள். எந்த அறைகள் மிச்சம் என்பது அதற்குப் பிறகே தெளிவாகும். உடனே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து உங்களுக்கோ உங்கள் டிராவல் ஏஜெண்டுக்கோ அழைப்பு வரும். இவ்வளவு கட்டினால் இந்த அறை. அமெரிக்கப் பயணிகள் இந்தக் குரலுக்கு 'அப்செல் தேவதை' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். தேவதை கட்டணம் வாங்கும் என்றாலும் இது நேர்மையான பேரம். அறை எண் தெரியும், விலை தெரியும், வேண்டாம் என்று போனை வைத்துவிடலாம்.

மூன்றாவதுதான் இன்று பரவியிருக்கும் ஏலம். ராயல் கரீபியனில் இதற்குப் பெயர் 'ராயல் அப்'. நார்வீஜியன் நிறுவனத்தில் 'அப்கிரேட் அட்வாண்டேஜ்'. இத்தகைய ஏலங்களுக்கு ஏற்பாடு செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருக்கிறது, பெயர் பிளஸ்கிரேட். விமான நிறுவனங்களும் அதன் வாடிக்கையாளர்கள். உங்கள் திரையில் ஒரு கோடு, அதில் நகரும் ஒரு புள்ளி. இடப்பக்கம் வைத்தால் உங்கள் கேள்வி 'பலவீனம்'. வலப்பக்கம் தள்ளத் தள்ள 'பலம்'. குறைந்தபட்சத் தொகையை நிறுவனமே நிர்ணயித்திருக்கும். எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எத்தனை அறை இருக்கிறது என்பதைத் திரை சொல்லாது. விற்பவர் கையிலிருக்கும் தராசைப் பார்த்து நாம் விலை சொல்கிறோம்.

ஏலம் என்றாலே நமக்கு மீன் சந்தையும் கோயில் குத்தகையும் நினைவுக்கு வரும். அங்கே எதிராளி சொல்லும் விலை காதில் விழும். இது மூடிய உறைக்குள் போடும் ஏலம். வென்றால் நீங்கள் சொன்ன தொகையை அப்படியே கட்டவேண்டும். அடுத்தவர் உங்களைவிட நூறு டாலர் குறைவாகச் சொல்லியிருந்தாலும் அந்த நூறு டாலர் உங்கள் நஷ்டம்தான். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-ல் இதற்கு ஒரு மாற்று சொன்னார். அதிக விலை கேட்டவருக்கே பொருள், ஆனால் அவர் கட்டவேண்டியது இரண்டாவதாக வந்தவர் சொன்ன விலை. அப்போது யாரும் பயந்து குறைக்கவும் வேண்டாம், ஆசையில் ஏற்றவும் வேண்டாம், மனதில் உள்ளதைச் சொல்லலாம். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாளில் இறந்துபோனார். கப்பல் நிறுவனங்கள் அவருடைய யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை.

சின்ன எழுத்தில் இருப்பவற்றைப் பார்ப்போம். கேட்கும் தொகை ஓர் ஆளுக்கு, அறைக்கு அல்ல. 150 டாலர் என்று புள்ளியை நகர்த்தினால் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 300 டாலர். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருக்குரியதைக் கட்டவேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட கணமே கிரெடிட் கார்டிலிருந்து பணம் போய்விடும், அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அறையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ராயல் கரீபியன் 2023 நவம்பரில் ஊழியர் சன்மானமாக ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலரும், சூட் அறைக்காரர்களுக்கு 21 டாலரும் நிர்ணயித்தது. சூட்டுக்கு ஏலம் கேட்பவர் இந்த வித்தியாசத்தையும் மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மகனும் மருமகளும் குழந்தையும் ஓர் அறையில். அப்பாவும் அம்மாவும் பக்கத்து அறையில். பக்கத்துப் பக்கத்து அறையாக வேண்டும் என்று ஏஜெண்டை நச்சரித்து வாங்கியது. முதியவருக்கு இரவில் மாத்திரை கொடுக்கவேண்டும்; பாட்டி இருந்தால்தான் பேரன் தூங்குவான். ஏலத்துக்கு இரண்டு அறைகளும் இரண்டு தனிப் பதிவுகள். ஒன்று ஜெயிக்கும், மற்றது தோற்கும். மகன் பதினோராவது தளத்துக்குப் போவான். பெற்றோர் மூன்றாவது தளத்திலேயே இருப்பார்கள். இரண்டும் ஜெயித்தாலும் ஒன்று கப்பலின் முன்முனை, மற்றது பின்முனை என்று ஆகலாம். இன்றைய பெரிய கப்பல்கள் முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமானவை. முழங்கால் வலிக்காரருக்கு அது ஒரு தெரு.

மேலே என்பது எப்போதும் நல்லது என்பதும் இல்லை. கப்பல் முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது அதன் நடுப்பகுதி குறைவாக ஆடும். பக்கவாட்டில் சாயும்போது கீழ்த்தளங்கள் குறைவாக ஆடும். மலிவான அறைகளில் பல அங்கேதான் இருக்கின்றன. தலைசுற்றல் உள்ளவர் பணம் கொடுத்து உச்சித் தளத்தின் முன்மூலைக்குப் போவது, பஸ்ஸில் நடு இருக்கையை விற்றுவிட்டுக் கடைசி வரிசையை வாங்குவது மாதிரி. பால்கனி என்ற சொல்லும் உறுதியாகக் கடலைக் குறிக்காது. பெரிய கப்பல்கள் சிலவற்றில் உட்புறப் பூங்காவையும் நடைபாதையையும் பார்த்த பால்கனிகள் உண்டு. எதிர்வீட்டுப் பால்கனியில் துண்டு காய்வதைப் பார்க்க மயாமிவரை போகவேண்டியதில்லை.

குழந்தைகளோடு போகும் நால்வர் குடும்பத்துக்கு மேல்தர அறை காலியாக இருந்தும் கிடைக்காமல் போகலாம். அதற்குக் காரணம் உயிர்காப்புப் படகு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூடுமிடம், அதற்குரிய படகுகள், அவற்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு. நான்கு கட்டில் இருந்தாலும் அந்தப் பகுதியின் ஆள் கணக்கு நிரம்பிவிட்டால் இருவருக்கு மேல் தரமாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் வியாபாரம் சட்டத்துக்குப் பணிந்து நிற்கிறது.

இவ்வளவு கணக்கு இருக்கும் இடத்தில் கட்டுக்கதைகளும் நிறைய. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போனால் தருவார்கள், தேனிலவு என்று சொன்னால் தருவார்கள், துறைமுகக் கவுண்டரில் சிரித்துப் பேசினால் தருவார்கள் என்பார்கள். கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு அந்த அதிகாரம் அநேகமாகக் கிடையாது. அறைகளின் தலைவிதியை விற்பனைக் கணக்கர்கள் கரையில் உட்கார்ந்து சில நாள் முன்பே எழுதி முடித்திருப்பார்கள்.

கேபின் கதைகளுக்குப் பழம்பெருமையும் உண்டு. ஆங்கிலத்தில் உயர்தட்டு என்பதைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல், சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்த பி அண்ட் ஓ கப்பல்களில் பிறந்தது என்று சொல்வார்கள். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், அதாவது வெயில் படாத பக்கத்து அறையை வாங்கும் துரைமார்களின் டிக்கெட்டில் அந்த நான்கு எழுத்துகளைக் குத்தினார்களாம். அப்படி ஒரு டிக்கெட் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அகராதிக்காரர்கள் இதை ஏற்பதில்லை. அறை கிடைத்த விதத்துக்கு ஒரு சுவையான கதை இருக்கவேண்டும் என்று மனிதர்கள் நினைக்கிறார்கள். இருப்பது வெறும் பேரேடு.

இதே பேரேட்டை வேறு விதமாகவும் எழுதலாம் என்பதற்கு உதாரணம் நம் ரயில்வே. 2006-ல் கொண்டுவந்த தானியங்கி அப்கிரேட் திட்டத்தை நம்மில் பலர் அனுபவித்திருப்போம். சிலீப்பர் வகுப்பில் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கிறது, மூன்றாவது ஏ.சி.யில் பெர்த்துகள் காலி. சார்ட் தயாராகும்போது கம்ப்யூட்டர், முழுக் கட்டணம் கட்டிய சிலீப்பர் பயணிகள் சிலரை ஏ.சி.க்கு ஏற்றுகிறது. அவர்கள் விட்டுப்போன இடம் காத்திருப்பவர்களுக்குப் போகிறது. மேலே போனவரிடம் ஒரு பைசா கூடுதலாக வாங்குவதில்லை. கப்பலில் நடப்பதும் இதே காரியம்தான். காலி மேலே, கூட்டம் கீழே, நடுவில் ஒரு நகர்த்தல். ரயிலில் அந்த நகர்த்தலின் பலன் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கும் போகிறது. கப்பலில் பெரும்பகுதி நிறுவனத்துக்குப் போகிறது.

ரயில்வேயைத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டாம். கீழ் பெர்த்தில் இருந்தவருக்கு மேல் வகுப்பில் மேல் பெர்த் விழலாம். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் பத்து சதவீத இடங்கள் விற்க விற்க அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும் முறையைக் கொண்டுவந்ததும் அதே ரயில்வேதான். ஆனாலும் அந்த அப்கிரேட் திட்டத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. விண்ணப்பத்திலேயே வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிடுகிறார்கள். ஆசையை அளக்க ஒரு கோடும் புள்ளியும் இல்லை.

கப்பல் நிறுவனங்கள் மோசடி செய்கின்றன என்று சொல்ல வரவில்லை. நிபந்தனைகளை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஏலத்தில் மலிவாக நல்ல அறை பெற்றவர்கள் இருக்கிறார்கள். தேவை, கொஞ்சம் நிதானம். கேட்பதற்கு முன் அந்த மேல்தர அறையின் அன்றைய நேரடி விலையைப் பாருங்கள். சில சமயம் பழைய கட்டணத்தோடு ஏலத் தொகையைக் கூட்டினால் வருவதைவிட அது குறைவாக இருக்கும். அறையையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தொகையை இரண்டால் பெருக்கிய பிறகு யோசியுங்கள். இப்போதைய அறை ஒரு காரணத்துக்காகப் பார்த்து வாங்கியது என்றால், இடம் மாற்றவேண்டாம் என்று பதிவில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஏஜெண்டுகளுக்கு இது தெரியும், கேட்டால் செய்வார்கள். இரண்டு அறைக் குடும்பம் என்றால் இந்தக் கடிதத்தைத் திறக்காமலேயே இருப்பது உத்தமம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கடிதம் வரும்வரை உள்ளறையில் யாருக்கும் குறை தோன்றவில்லை. தூங்கவும் குளிக்கவும் ஓர் இடம், மற்ற நேரமெல்லாம் மேல்தளத்தில், கடல் எல்லோருக்கும் பொது என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினோம். அது சரியான கணக்கு. படம் வந்த பிறகு அதே அறை இருட்டறையாகிவிட்டது. ஏலத்தில் தோற்றால் பணம் போவதில்லை என்கிறார்கள், உண்மைதான். ஆனால் தோற்றவர் ஆசைப்பட்டு வாங்கிய அறைக்குள் கிடைக்காத அறையையும் சுமந்துகொண்டு போகிறார். ஒரு தடவை மட்டும் போகிற பயணத்தில் அது பெரிய நஷ்டம். டெக்கில் நின்று பார்த்தால் ஒன்பதாவது தளத்துக்காரர் பார்க்கும் அதே கடல்தான் தெரியும்.